இரண்டாம் மேடை

பீடோருக்கு வெளியே, ஆலை வாசலில்
பதினான்கு லோரி.
வெட்டிய நேரத்திலிருந்தே புளிக்கத் தொடங்கிவிடும்
செம்பனைக் குலை; அதற்குக்
காத்திருக்கத் தெரியாது.
ஹஸ்புல்லாவுக்குத் தெரியும்.
டயரில் சாய்ந்தபடி மூன்றாவது சிகரெட்.

நிறுவை அறையில் நானும் கணினியும்.
இடியில் மின்சாரம் போய் வந்ததிலிருந்து
எடைகாட்டியைக் காணோம் என்கிறது திரை.
சீட்டு அச்சடிக்கும் பெட்டியைக் காணோம்.
கேட்டுக் கேமராவைக் காணோம்.
அத்தனையும் என் கண்ணெதிரே
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கின்றன.
எடைகாட்டி கையெட்டும் தூரம்.
அதன் தலையில்தான் என் தே ஓ குவளை.

ஈப்போவிலிருந்து போனில் ரொஷான்:
"கேபிளைப் பிடுங்கிச் செருகுங்க அக்கா."
செருகினேன்.
"மறுபடி தேடச் சொல்லுங்க."
சொன்னேன்.
யாராவது இருக்கிறீர்களா என்று அது கத்தும்.
ஐந்து விநாடி காது கொடுக்கும்.
யாருமில்லை என்று எனக்கு எழுதிக் காட்டும்.
ஏழு முறை இப்படி.

எட்டாவது முறைதான் தோன்றியது,
இது எந்த வாசலில் நின்று கத்துகிறது?

மேடைக்குப் போகும் கம்பி ஒரு வாசல்.
அலுவலகத்து வைஃபை இன்னொன்று.
மூன்றாவதற்குச் சுவரே கிடையாது;
கோலாலம்பூர் தலைமையகத்தோடு பேசவென்று
போன வருஷம் யாரோ
மென்பொருளில் வரைந்துவிட்டுப் போன கதவு.
மின்சாரம் போய் வந்ததில் வரிசை கலைந்து
அதுவே முதலிடத்தில் நின்றது.
என் எடைகாட்டியைத் தேடிய கூப்பாடெல்லாம்
அந்தக் குழாய்க்குள் விழுந்து
அங்கேயே செத்திருக்கிறது.

கணினி பொய் சொல்லவில்லை.
அந்தத் தெருவில் நிஜமாகவே யாருமில்லை.

ரொஷான் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் அவன் பிள்ளை அழும் சத்தம்.
"ஒவ்வொரு வாசல்லயும் தனியா நின்னு
கூப்பிட வைக்கணும் அக்கா.
பதிலையும் அங்கேயே நின்னு கேக்கணும்."
ஒரு வரி அனுப்பினான்.
எழுத்துக் கூட்டித் தட்டினேன்.

கம்பியில்: எடைகாட்டி. அச்சுப்பெட்டி.
வைஃபையில்: கேமரா.
தலைமையகக் கதவில் ஒன்றுமில்லை.
முடிந்தது என்று குவளையை எடுக்கும்போது
கம்பியில் தாமதமாக இன்னொரு குரல்,
நான் பேர் சொல்லித் தேடாதது:

மேடை 2.

அதை மூடி ஆறு வருஷம் ஆகிறது.
ஆற்றோரத்து ஷெட். பாதித் தகரம் காற்றோடு போயிற்று.
பூட்டுப் போட்டார்கள், பலகை மாட்டினார்கள்,
பொருள் கணக்கிலிருந்து அடித்தார்கள்.
சுவிட்சை அணைக்கத்தான் யாருக்கும் ஞாபகமில்லை.

எடை: 20 கிலோ.

ஹஸ்புல்லா ஏறினான். 22,460. சீட்டு வந்தது.
அடுத்து தெய்வேந்திரன். அடுத்து
பேர் தெரியாத ஒரு புதுப் பையன்,
மேடையில் நேராக நிறுத்தத் தெரியாமல் இரண்டு முறை பின்வாங்கினான்.
ஒவ்வொரு லோரிக்கும் நடுவில்
திரையின் ஓரத்தைப் பார்ப்பேன்.
20.
மழை பிடித்தது. 20.
உதிர்ந்த தகரமா, தேங்கிய நீரா?
நீரானால் ஏற வேண்டுமே. 20.

மிஸ்டர் சியாவுக்கு எழுதிய அறிக்கையில்
கருவிகள் மூன்றும் கிடைத்தன என்று முடித்தேன்.
நான்காவதைப் பற்றி எழுதினால்
நாளைக் காலையிலேயே அணைத்துவிடுவார்கள்.

பன்னிரண்டாவது லோரிக்குச் சீட்டுக் கிழிக்கையில்
அது பூஜ்யம் ஆனது.

கேட்டுக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சற்றுப் பொறுத்து,
ஆற்றுப் பக்கமிருந்து, முழுக்க நனைந்து,
லோரிகளின் வெளிச்சத்தை அலட்சியமாகக் கடந்து
வந்தது ஒரு செவலை நாய்.
ஹஸ்புல்லா விட்டுப்போன ரொட்டித் துண்டை முகர்ந்தது.

யார் வீட்டு நாயோ தெரியாது. பேர் தெரியாது.
எடை தெரியும்.